சத்தமாகச் சொன்ன மன்றாட்டு

மூன்று டப்பாக்கள் இடம் மாறியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மாற்றி வைத்தவள் காயில்காரரின் மனைவி. வேண்டுமென்று செய்யவில்லை. மழை பிடித்துக்கொள்வதற்குள் பட்டறை அலமாரியைத் துடைத்துவிடலாம் என்று இறங்கினாள். எந்த டப்பா எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

காயில்காரர் என்றால் கருகிப்போன மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டிக் கொடுப்பவர். வீட்டின் முன் அறை பட்டறை, பின் அறையில் குடித்தனம், நடுவில் ஒரு கதவு. தண்ணீர் மோட்டார், மாவு மில் மோட்டார், சலவைக்கடை மோட்டார் என்று எது புகைந்தாலும் அவரிடம்தான் வரும். பழைய செம்புக் கம்பியை வெட்டி உருவுவார். உள்ளே இருக்கும் பள்ளங்களில் காகிதத்தை மடித்துச் செருகி, புதுக் கம்பியைச் சுற்றி இறக்கி, நூலால் இறுக்கிக் கட்டி, வார்னிஷ் ஊற்றுவார். பிறகு ஒரு தகர டிரம்முக்குள் குண்டு பல்பை எரியவிட்டுக் காயவைப்பார். அந்த வீட்டில் தேநீர் குடித்தால்கூட அதில் கொஞ்சம் வார்னிஷ் வாசனை இருக்கும். இத்தனை வருஷத்தில் அது இல்லாவிட்டால்தான் அவளுக்குத் தேநீர் ருசிக்காது.

மோட்டாரிலிருந்து வெளியே வரும் மூன்று முனைகளுக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று நிறத்தில் உறை மாட்ட வேண்டும். நிறத்துக்கொரு டப்பாவாக உறைகள் அலமாரியில் இருக்கும். நிறம் மாறிப்போனால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். அதனால் கொடுப்பதற்கு முன்னால் ஓட்டிப் பார்ப்பார். சுற்றுகிற தண்டின்மேல் ஒரு காகிதத் துண்டைத் தொட்டால் போதும், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று விரலே சொல்லிவிடும். அன்றைக்குப் பார்த்து கரண்ட் இல்லை. மாவு மில்காரர் வேறு வாசலில் நின்று காலைத் தட்டிக்கொண்டிருந்தார். ஓட்டிப் பார்க்காமலே கொடுத்தனுப்பினார்.

மறுநாள் மில்காரர் தலைமுதல் கால்வரை வெள்ளையாக வந்து நின்றார்.

“என்ன காயில்காரரே, மெஷின் தலைகீழா சுத்துது! போட்ட கோதுமை எல்லாம் திரும்ப என் மூஞ்சிக்கே வருது. மாவு வாங்க வந்தவங்க என்னையே அள்ளிக்கிட்டுப் போயிருவாங்க போல!”

மில்காரர் சிரித்தார், அவளும் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். காயில்காரர் சிரிக்கவில்லை. அலமாரியில் இருந்த மூன்று டப்பாக்களையும் பார்த்தார். ஒவ்வொன்றையும் கையால் தடவினார்.

“இதை யாரு தொட்டது?”

“நான்தான். ஒரே தூசியா இருந்துச்சு.”

“ம்,” என்றார். அதோடு விட்டுவிட்டார். மில்லுக்குப் போய் முனையை மாற்றிப் போட்டுவிட்டு வந்தார். ஆனால் அவளுக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. டப்பா இடம் மாறினால் என்ன? சிவப்பு சிவப்புதானே? நீலம் நீலம்தானே? பார்த்தால் தெரியாதா?

சாயங்காலம் ரொட்டியும் அவித்த முட்டையும் தட்டில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். தட்டை வைத்துவிட்டு, உறைகளில் இரண்டை எடுத்து உள்ளங்கையில் நீட்டினாள்.

“ஏங்க, இதுல எது நீலம்?”

“உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க.”

அவர் பல்பை இழுத்துக் கிட்டத்தில் பிடித்தார். மூக்கு அவள் கையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, பல்பைப் பழைய இடத்தில் விட்டார்.

“ரெண்டும் கருப்பாத்தான் தெரியுது. மஞ்சள் மட்டும் கொஞ்சம் வெளுப்பா இருக்கும், அதனால கண்டுபிடிச்சிருவேன். மத்ததுக்கு டப்பாதான்.”

“எவ்வளவு நாளா?”

“ஆச்சு.”

“டாக்டர்கிட்ட போகலாமே. இப்பல்லாம் கண்ணுல படலம்னா ஒரு ஊசி போடுற நேரத்துல முடிச்சிர்றாங்களாம்.”

“எங்க அண்ணனும் அப்படித்தான் கேள்விப்பட்டுப் போனாரு. போகும்போது மங்கலாவாவது தெரிஞ்சுச்சு. கட்டு அவுத்தப்ப அதுவும் இல்ல. சீழ் பிடிச்சிருச்சுன்னாங்க.” முட்டையை எடுத்தார், தின்னாமல் திரும்ப வைத்தார். “இங்க பாரு. வெளில மூச்சு விடாத. கண்ணு தெரியாத காயில்காரன்கிட்ட எவன் மோட்டார் குடுப்பான்?”

அவள் தலையாட்டினாள். மனதாரத்தான் ஆட்டினாள். டப்பாக்களை அவர் சொன்ன வரிசையில் அடுக்கி வைத்தாள். அன்றிலிருந்து அந்த அலமாரிக்குத் துடைப்பம் காட்டவில்லை.

இனி வட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வட்டம் என்பது அவர்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் பெரியவர்களுக்காக ஆரம்பித்திருந்த இயக்கம். பங்குச் சாமியார் நடத்துவதில்லை, பங்கு மக்களே நடத்திக்கொள்வது. நான்கைந்து பேராகச் சேர்ந்து, வாரம் ஒரு வீடு என்று முறைவைத்துக் கூடுவார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கான நற்செய்தியை அந்த வீட்டுக்காரர் சத்தமாக வாசிப்பார். கொஞ்ச நேரம் யாரும் பேசக் கூடாது. பிறகு அவரவருக்கு எந்த வார்த்தை மனதில் தைத்ததோ அதைச் சொல்லலாம். பிரசங்கம் கிடையாது. அடுத்தவருக்குப் புத்தி சொல்வது கிடையாது. வட்டத்தில் பேசியது வட்டத்தோடு. கடைசியில் ஆளுக்கொரு மன்றாட்டு, சொந்த வார்த்தையில். அப்புறம் தேநீர்.

இந்த வட்டத்துக்குப் பொறுப்பு டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. முதல் நாளே சொல்லிவிட்டார்: “புதுநன்மை வாங்கின சின்ன வயசுல மனப்பாடம் பண்ணின ஞானோபதேசத்தோட நாமெல்லாம் நின்னுட்டோம். அதுக்கப்புறம் சட்டை மட்டும்தான் பெரிசாகிக்கிட்டே வந்துச்சு.”

இன்னொருவர் பார்சல் வண்டி ஓட்டுகிற அண்ணன். யார் செபம் சொன்னாலும் முடிவதற்குள் ‘ஆமென்’ என்று முந்திக்கொள்வார். அதனால் பேரே ஆமென் அண்ணன் என்றாகிவிட்டது. அப்புறம் தெருமுனையில் தையல்கடை வைத்திருக்கும் அக்கா. ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதல் ஆளாகக் கஷாயத்தோடு நிற்பவள், இரக்கத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

காயில்காரர் வட்டத்துக்குப் போவதில்லை. பூசைக்கு வருவார், கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் நிற்பார், முடிந்ததும் கிளம்பிவிடுவார். அவள் வட்டம் முடிந்து வந்தால், “என்ன, வகுப்பு முடிஞ்சுதா? பரீட்சை எப்ப?” என்று கேட்பார். கேலிதான், ஆனால் தடுத்ததில்லை.

அவளுக்கோ அந்த வட்டம் எத்தனை பெரிய விஷயம் என்று சொன்னால் புரியாது. சின்ன வயதிலிருந்து செபம் என்றால் அவளுக்குப் படித்ததை ஒப்பிப்பதுதான். நாக்கு தானாக ஓடும், மனது பாட்டுக்கு அடுப்பில் பால் வைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். வட்டத்தில் முதல் தடவை மன்றாட்டு அவள் முறைக்கு வந்தபோது வாய் உலர்ந்துவிட்டது. கடைசியில், “இன்னிக்குத் தலைவலி இல்லாம இருந்துச்சு, அதுக்கு நன்றி,” என்று மட்டும் சொன்னாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. கடவுளிடம் தன் வாயால் தான் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அதற்கப்புறம் வாரத்துக்கு வாரம் தைரியம் வந்தது. பேச்சும் நீண்டது.

டப்பா விஷயம் நடந்த வாரம் வட்டம் தையல் அக்கா வீட்டில். மன்றாட்டு நேரம், எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். அவள் முறை வந்தது. வேறு எதையோ சொல்லத்தான் நினைத்திருந்தாள். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

“ஆண்டவரே, எங்க வீட்டுக்காரர் கண்ணை உம்முடைய கையில ஒப்படைக்கிறேன். அவருக்கு நிறம் தெரியல. டப்பாவைத் தடவி வேலை செய்றாரு. ஆஸ்பத்திரின்னா பயப்படறாரு. அவருக்குப் பார்வையும் குடும், தைரியமும் குடும்.”

“ஆமென்,” என்றார் ஆமென் அண்ணன், ‘தைரியமும்’ என்பதற்குள்ளேயே.

வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. வெளியே மூச்சு விடாதே என்று அவர் சொன்னது ஞாபகம் வரவில்லையா என்றால், வந்தது. ஆனால் வெளியே யாரிடம் சொன்னாள்? கடவுளிடம்தானே சொன்னாள்!

தையல் அக்காவுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. பாவம், இத்தனை நல்ல மனுஷன். காலையில் முதல் வேலையாகச் செபச் சங்கிலிக்கு போன் போட்டாள். செபச் சங்கிலி என்பது பங்கில் உள்ள ஏற்பாடு. யாருக்காவது பெரிய கஷ்டம் என்றால் ஒரு வீடு இன்னொரு வீட்டுக்குச் சொல்லும், அது அடுத்த வீட்டுக்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் முழந்தாளிடுவார்கள். ‘காயில்காரருக்கு நிறம் சரியாத் தெரியலையாம், செபிங்க’ என்று கிளம்பியது மூன்றாவது வீட்டில் ‘ஒரு கண்ணு போயிருச்சாம்’ ஆனது. ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டும்போது இரண்டு கண்ணும் போயிருந்தது.

இரண்டு நாள் கழித்து வேறு ஊரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் அழுதுகொண்டே போன் பண்ணினாள்.

“ஏம்மா, அப்பாவுக்கு ஆபரேஷனாமே? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? எங்க பங்குல எல்லாரும் செபமாலை சொல்லிக்கிட்டு இருக்காங்க, எனக்கே அங்க போய்த்தான் தெரியுது!”

“யாருடி சொன்னா? அப்பா இதோ பட்டறையில உக்காந்து நூல் கட்டிக்கிட்டு இருக்காரு.”

“பார்வை இல்லாம எப்படிம்மா கட்டுவாரு?”

வட்டத்தில் சொன்னதுதான் ஊர் சுற்றியிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவரிடம் தானே முந்திச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். இன்றைக்கு, சாப்பிட்டதும், படுக்கும்போது என்று தள்ளித் தள்ளி, ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு. திருச்சபைக்காக ஒன்று, நாட்டுத் தலைவர்களுக்காக ஒன்று, மழைக்காக ஒன்று. வாசித்த பெண் நாலாவதையும் அதே சீரான குரலில் வாசித்தாள். “பார்வையை இழந்து வாடும் எங்கள் பங்கின் சகோதரர், மோட்டார் பட்டறைக்காரருக்காக. அவர் தம் சிலுவையைப் பொறுமையோடு சுமக்க வேண்டுமென்று ஆண்டவரை மன்றாடுகிறோம்.”

கோயில் முழுவதும் ஒரே குரலாக, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்,” என்றது.

அவள் திரும்பித் தூணைப் பார்த்தாள். அவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்திலிருந்த ஒருவர் அவர் முழங்கையைப் பிடித்து, பெஞ்சில் உட்காரும்படி வழிகாட்டிக்கொண்டிருந்தார். அவர் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டு, பக்கவாசல் வழியாக வெளியே போனார். படி தடுக்காமல் நன்றாகத்தான் இறங்கினார். ஆனால் அதைப் பார்த்தவர்களும், “ஐயோ, எப்படிப் பழக்கத்துலயே போறாரு பாருங்க,” என்றார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் பட்டறையில் இருந்தார். விளக்குப் போடவில்லை.

“நான் யாருகிட்டயும் சொல்லலைங்க. சாமிகிட்டதான் சொன்னேன்.”

“சாமிக்குக் காது கேக்காதா, சத்தமா சொல்ற?”

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்கு நல்லதாக இருந்திருக்கும், தானும் கொஞ்சம் கத்தியிருக்கலாம்.

அதற்கப்புறம் இரக்கம் படையெடுத்து வந்தது. ஒருவர் சொட்டு மருந்து கொண்டுவந்தார், ஒருவர் தீர்த்தம். முக்கால்வாசிப் பேர் கேரட் கொண்டுவந்தார்கள். கண்ணுக்கு நல்லது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அடுப்படி மூலையில் கேரட் குவிந்தது. அவள் கேரட் சூப் வைத்தாள், பொரித்தாள், துருவினாள், வேகவைத்து மசித்தாள். அவர் எல்லாவற்றையும் பேசாமல் தின்றார். முயல்கூட இரண்டாம் நாள் முகத்தைத் திருப்பியிருக்கும்.

கேரட் வந்தது, மோட்டார் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டால் தண்ணீர் மோட்டார்கள் வரிசையாகப் புகையும்; வருஷத்தில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம் அதுதான். இந்த முறை வாசல் காலியாகக் கிடந்தது. கட்டக் கொடுத்திருந்த இரண்டாவது மோட்டாரை மில்காரரே வண்டி கொண்டுவந்து எடுத்துப் போனார். மரியாதையாகத்தான் எடுத்துப் போனார்.

“நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க காயில்காரரே. உடம்பு முக்கியம். இதை நான் எங்கயாவது பாத்துக்கறேன்.”

“பாதி கட்டியாச்சு. நாளைக்கு முடிஞ்சிரும்.”

“இருக்கட்டும், இருக்கட்டும். நாங்க வீட்டுல தினம் உங்களுக்காகச் செபிக்கிறோம்.”

பாதி கட்டிய மோட்டாரிலிருந்து செம்புக் கம்பி தொங்கியது. காயில்காரர் அது வண்டியில் ஆடாமல் இருக்க, ஒரு துணியால் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து பட்டறையிலேயே படுக்கையைப் போட்டுக்கொண்டார். ‘தண்ணி’, ‘போதும்’, ‘கதவைச் சாத்து’ — இந்த மூன்றுதான் அவளோடு அவர் பேச்சு.

அவளுக்குப் பொறுக்கவில்லை. சங்கிலியில் முதலில் சொன்னது யார் என்று விசாரித்துக்கொண்டு தையல்கடைக்குப் போய் நின்றாள்.

“அக்கா, வட்டத்துல பேசினது வட்டத்தோடன்னு நம்மதானே சொன்னோம்?”

தையல் அக்கா மெஷினை நிறுத்தினாள். கண் அப்போதே கலங்கிவிட்டது. “நான் யாருகிட்டயும் பேசலையேம்மா. செபிக்கத்தான் சொன்னேன். ஊர்ப்பேச்சுன்னா நான் செத்தாலும் பேச மாட்டேன், உனக்கே தெரியும். சாமிக்கு முன்னாடி வைக்கிறது எப்படிம்மா தப்பாகும்?”

திட்டுவதற்காக வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். ஒன்றையும் எடுக்க முடியவில்லை. அக்கா சொன்னது அத்தனையும் அவளே அவரிடம் சொன்னதுதான், ஒரு எழுத்து மாறவில்லை. தான் திறந்து கொடுத்ததை இவள் கொஞ்சம் தூரம் கொண்டுபோனாள், அவ்வளவுதான். அவள் அந்தக் கடையின் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். அக்காவும் அழுதாள். பாவாடை தைக்கக் கொடுத்தவள் வந்து பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டாள்.

அடுத்த வட்டம் அவள் வீட்டு முறை. டீச்சர் போனில் தயங்கினார். “வேணும்னா எங்க வீட்டுல வச்சுக்கலாம்மா. அவருக்குக் கஷ்டமா இருக்கும்.”

அவள் கதவருகே நின்று கேட்டாள். “ஏங்க, வெள்ளிக்கிழமை வட்டம் நம்ம வீட்டு முறை. வேணாம்னா சொல்லிர்றேன். இனிமே போகவும் வேணாம்னாலும் போகல.”

“வரட்டும்,” என்றார் அவர், திரும்பாமல். “ஊரே உள்ள வந்து உக்காந்தாச்சு. இன்னும் மூணு பேரு வந்தா வீடு தாங்காதா?”

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. மூவரும் குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, பட்டறை வழியாகத்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. வேறு வழி கிடையாது. காயில்காரர் ஒரு மோட்டாரின் மேல் குனிந்திருந்தார். செபச் சங்கிலி எட்டாத ஏதோ ஒரு தெருவிலிருந்து சலவைக்கடைக்காரர் ஒருவர் கொண்டுவந்து போட்ட மோட்டார் அது.

“ஸ்தோத்திரம் அண்ணே,” என்றாள் தையல் அக்கா, குரல் கம்ம.

“வாங்க,” என்றார். “காலைப் பாத்து வைங்க, கீழ கம்பி கிடக்கு. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.”

ஆமென் அண்ணனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று புரியவில்லை. இருமினார்.

பின் அறையில் மேசைமேல் மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்தார்கள். நடுக்கதவு மழை ஈரத்தில் உப்பிப்போய் முழுதாகச் சாத்தவில்லை. டீச்சர் புத்தகத்தை விரித்தார். அந்த வாரத்து நற்செய்தியைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். வழியோரம் உட்கார்ந்திருந்த பார்வையற்ற பிச்சைக்காரனின் கதை.

“இதை விட்டுட்டு அடுத்த வாரத்தை எடுத்துக்கலாமா?” என்று டீச்சர் கிசுகிசுத்தார். பள்ளிக்கூடக் குரல் கிசுகிசுத்தால் எப்படி இருக்கும்? பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது.

“அடுத்த வாரத்துக்கு நான் தயாரா வரலையே,” என்றார் ஆமென் அண்ணன். அவர் எந்த வாரத்துக்கும் தயாராக வந்தவரில்லை.

“இதையே வாசிக்கிறேன்,” என்றாள் அவள். வீட்டுக்காரர்தான் வாசிக்க வேண்டும், அதுதான் முறை.

அவள் மெதுவாக வாசித்தாள். பிச்சைக்காரன் கூப்பாடு போடுகிறான். கூட்டம் அவனைச் சும்மா இருக்கச் சொல்லி அதட்டுகிறது. அவன் இன்னும் உரக்கக் கத்துகிறான். இயேசு நிற்கிறார், அவனைக் கூப்பிடச் சொல்கிறார். அவன் மேலாடையை எறிந்துவிட்டு எழுந்து வருகிறான். அப்போது இயேசு அவனைப் பார்த்து, நான் உனக்கு என்ன செய்ய வேண்டுமென்று விரும்புகிறாய் என்று கேட்கிறார்.

அவள் அங்கே நின்றுவிட்டாள். எத்தனையோ முறை கேட்ட கதை. சிறுபிள்ளையில் இதைப் படம் வரைந்து வர்ணம்கூட அடித்திருக்கிறாள். கண் தெரியாதவன் வந்து எதிரே நிற்கிறான். அவனுக்கு என்ன வேண்டும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும், இயேசுவுக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டிருக்கிறார். அவனையே சொல்ல வைத்திருக்கிறார். நாம் ஒரு தடவையாவது கேட்டோமா? டாக்டரிடம் போகலாம் என்றாள், தலையாட்டினாள், மன்றாடினாள், அழுதாள், கேரட் துருவினாள். வீட்டுக்காரரிடம் மட்டும், என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.

“மீதியை நான் வாசிக்கட்டுமாம்மா?” என்றார் டீச்சர்.

அவள் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். நடுக்கதவைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குள் போனாள்.

அவர் மூன்று முனைகளையும் விரலிடுக்கில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மடியில் உறைகள் கொட்டிக் கிடந்தன. மூன்று நிறமும் கலந்து கிடந்தது. டப்பா தட்டிவிட்டிருக்கிறது.

“நான் உங்களுக்கு என்ன செய்யணும்?” என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

“இப்ப வந்து கேக்குற.”

“ஆமா. இப்பதான் கேக்கணும்னே தெரிஞ்சுது.”

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் மூன்று முனைகளையும் விரலிடுக்கில் உருட்டிக்கொண்டிருந்தார். அவளும் நின்றாள், எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. வட்டத்தில் பழகிய மௌனம் அப்போதுதான் வீட்டுக்கு உதவியது.

“கலரைச் சொல்லு,” என்றார்.

அவள் கீழே உட்கார்ந்து அவர் மடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். “இது சிவப்பு.” அவர் வாங்கி முதல் முனையில் மாட்டினார். “இது நீலம்.” “அதை வை. முதல்ல மஞ்சள் குடு.” “இந்தாங்க மஞ்சள்.” உறை வழுக்கிக்கொண்டு போய்ச் சரியாக உட்கார்ந்தது. முடிச்சை இறுக்கி, நூலைப் பல்லால் கடித்தார்.

“திங்கக்கிழமை கண்ணாஸ்பத்திரிக்குப் போலாம். காட்டிட்டு மட்டும் வரலாம், வேற எதுக்கும் நான் ஒத்துக்கல. நீ கூட வா. டாக்டர் சொல்றத நீ கேட்டு வச்சுக்க. பயத்துல எனக்குக் காதும் கேக்காது.”

“சரிங்க.”

“வட்டத்துல சொல்லாத.”

“சொல்லல.”

“செபத்துலயும் சொல்லாத.” மோட்டாரின் மேல் படிந்த தூசியை உள்ளங்கையால் துடைத்தார். “சாமிகிட்ட நானே சொல்லிக்கிறேன். நாங்க பேசி ரொம்ப நாளாச்சு.”

அவள் தலையாட்டினாள். போன தடவையும் இதே மாதிரிதான் ஆட்டினோம் என்று நினைவு வந்து, “சத்தியமா,” என்று வாயாலும் சொன்னாள்.

திரும்பி வந்தபோது மூவரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். கதவு சாத்தாத வீட்டில் கண்ணைத்தான் மூட முடிந்தது, காதை மூட முடியவில்லை என்பது அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. யாருக்கு எந்த வார்த்தை தைத்தது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. டீச்சர் நேரே மன்றாட்டுக்கு வந்தார்.

டீச்சர் தன் அடங்காத குரலுக்காக மன்னிப்புக் கேட்டார். ஆமென் அண்ணன் வண்டி டயருக்காக மன்றாடினார், அவருக்கு வேறு வரவில்லை. தையல் அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள், பிறகு, “எனக்கு வாயைக் கட்டும் ஆண்டவரே,” என்றாள். அப்புறம் வீட்டுக்காரியான அவள் முறை. மூவரும் அவளைப் பார்க்காமல் பார்த்தார்கள்.

“எனக்கு ஒண்ணு இருக்கு,” என்றாள். “அது சொல்றதுக்கு என்னோடது இல்ல.”

சொல்லாத மன்றாட்டுக்குப் பதில் சொல்லலாமா கூடாதா என்று டீச்சர் படித்த எந்தப் பயிற்சியிலும் வரவில்லை. தையல் அக்காதான் முதலில், கரகரத்த குரலில், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்,” என்றாள். டீச்சர் சேர்ந்துகொண்டார். ஆமென் அண்ணன் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் முறையாகக் கடைசியில் சொன்னார்.

அவள் தேநீருக்குத் தண்ணீர் வைக்க எழுந்தாள். அப்போது பட்டறையில் மோட்டார் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. மேசையில் மெழுகுவத்தி அதிர்ந்தது.

“இந்தாம்மா!” அவர் குரல், மோட்டாரையும் மழையையும் மீறி, தெருவுக்கே கேட்கும்படி வந்தது. “எந்தப் பக்கம் சுத்துதுன்னு வந்து பாத்துச் சொல்லு! எனக்குக் கண்ணு தெரியல!”

தையல் அக்கா பதறிப்போய் எழுந்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

காயில்காரரின் மனைவி கதவருகே போய் நின்றாள். சுற்றும் தண்டின்மேல் அவர் ஒரு காகிதத் துண்டைத் தொட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த விரலுக்குத் தெரியாத திசை கிடையாது. அவர் முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது, பதிலுக்காக.

“சரியான பக்கந்தாங்க சுத்துது,” என்றாள் அவள், சத்தமாக.